தேரின் கைப்பிடியும் சக்கரத் தடமும்



சீனத்தில் பிள்ளைக்குப் பெயரிடுதல் என்பது எழுத்தைத் தேர்ந்தெடுத்தல். தமிழில் 'க' என்பது ஓர் ஒலியின் குறி. அதற்கெனத் தனிப்பொருள் எதுவும் மனத்தில் எழுவதில்லை. சீன எழுத்தோ ஒவ்வொன்றும் ஓர் அசை. பெரும்பாலும் ஒரு சொல். ஏற்ற இறக்கத் தொனிகளை நீக்கிப் பார்த்தால் சீனப் பொதுமொழியில் ஏறத்தாழ 400 அசைகளே தேறும். எழுத்துகளோ பல்லாயிரம். ஆகவே ஒரே ஓசைக்குப் பல எழுத்துகள் போட்டியிடும். எதை எடுப்பது, எதை விலக்குவது என்பதில் தந்தையின் கல்வியும் ஆசையும் அச்சமும் வெளிப்பட்டுவிடுகின்றன. முதலில் நிற்கும் குடும்பப்பெயர் வழிவழி வருவது. அதில் தேர்வுக்கு இடமில்லை. அதனை அடுத்துவரும் ஓரெழுத்து அல்லது ஈரெழுத்துக்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லியாக வேண்டும். குறட்பாவுக்காவது ஏழு சீர் உண்டு!

அயல்நாட்டாருக்குச் சூட்டும் பெயரிலும் இத்தேர்வு உண்டு. 1924 மே மாதம் இரவீந்திரநாத தாகூர் பீக்கிங்கில் தங்கியிருந்தபோது, அவருடைய பிறந்தநாள் விழாவில் அறிஞர் லியாங் சிச்சாவ் அவருக்கு 'ஜூ ஜென்தான்' என்று பெயர் சூட்டினார். இந்தியாவுக்குப் பண்டைய சீனர் வழங்கிய 'தியென்ஜூ' என்னும் பெயரின் ஈற்றெழுத்தே 'ஜூ'. இந்தியாவிலிருந்து சென்ற பிக்குகளுக்கு அது குடும்பப்பெயராக வழங்கியது. 'ஜென்' இடி, 'தான்' விடியல். இந்திரனும் இரவியும் அதில் அடங்கினர். அத்துடன், 'ஜென்தான்' என்பதே பழைய பௌத்த நூல்கள் சீனத்துக்கு வழங்கிய பெயர்; 'சீனஸ்தானம்' என்னும் வடசொல்லின் வழிவந்தது. குடும்பப்பெயரில் இந்தியாவும் இயற்பெயரில் சீனமும் அமைந்துவிட்டன. விருந்தினருக்குச் செய்த மரியாதைகளுள் இதனினும் நுட்பமானது அரிது.

ஆயினும் அது, அறுபதைக் கடந்து உலகறிந்த ஒருவருக்கு விழாக் களிப்பில் சூட்டிய பெயர். இன்னும் ஒன்றுமே ஆகாத சிறுவனுக்குப் பெயரிடுவது வேறு. அதனை அறியச் சோங் பேரரசுக் காலத்துச் சூ குடும்பத்தை நோக்க வேண்டும்.

ஸிச்சுவான் பகுதியின் மெய்ஷான் ஊரில் 1009இல் பிறந்தவர் சூ சுன். அவருடைய தமையன்மார் தான், ஹுவான் என்போர். சுன், தான், ஹுவான் ஆகிய மூன்று எழுத்துகளிலும் இடப்பக்கம் நீரைக் குறிக்கும் மூன்று துளிகள் உண்டு. உடன்பிறந்தாரின் பெயர்களை ஒரே உறுப்பால் பிணைப்பது அந்நாட்டு வழக்கம். காதால் கேட்பவனுக்கு இம்மூவரும் உடன்பிறந்தார் என்பது தெரியாது. கண்ணால் படிப்பவனுக்கு உடனே தெரியும்.

ஆண்மகன் வளர்ந்ததும் இயற்பெயரோடு பொருளால் தொடர்புடைய மற்றொரு பெயர் வழங்கப்படும்; நண்பர்கள் அவனை அதனால்தான் அழைப்பர். தமையனாரின் வழங்குபெயர் சூ சுன்னுக்கு உவப்பாக இல்லை. 'ஹுவான்' என்பது 'மாற்றங்களின் நூல்' என்னும் பழஞ்சுவடியில், நீரின்மேல் காற்று வீசும் நிலையைச் சுட்டும் குறியின் பெயர். எனவே 'வென்' என்னும் எழுத்து அமையுமாறு 'வென்ஃபூ' என மாற்றலாம் என்று அவர் ஒரு சிறு கட்டுரை வரைந்தார். 'வென்' என்றால் கோலம், வரிவடிவம். அதுவே இலக்கியத்துக்கும் பெயர். காற்று கோலமிட நினைப்பதில்லை, நீரும் நினைப்பதில்லை. இரண்டும் சந்திக்கும்போது அலைவரி தானே பிறக்கிறது. உயர்ந்த எழுத்தும் அவ்வாறே பிறப்பது என்பது அக்கட்டுரையின் கருத்து. சீனக் கவிதையியலில் பெரிதும் போற்றப்படும் இச்சிந்தனை, அண்ணனுக்கு நல்ல பெயர் தேடிய முயற்சியில் பிறந்தது என்பதைக் கவிஞர்கள் நினைவிற்கொள்வது தகும்.

அவருடைய மைந்தர் இருவர். மூத்தவர் 1037ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் இளையவர் 1039இலும் பிறந்தனர். இருவர் பெயரிலும் தேரைக் குறிக்கும் உறுப்பு உண்டு. மூத்தவர் ஷி, இளையவர் ஜெ. 'ஷி' என்பது தேரின் முன்பக்கக் குறுக்குக் கட்டை. தேரில் நிற்பவர் பிடித்துச் சாய்வதற்கானது. சங்கப் பாடல்கள் தேரின் முன்புறத்தே காட்டும் கொடிஞ்சியை இங்கே நினைக்கலாம். வடிவம் வேறாயினும் கைக்குப் பற்றுக்கோடாதல் இரண்டுக்கும் பொது. 'ஜெ' என்பது தேருறுப்பே அன்று. சக்கரம் மண்ணில் பதித்துச் செல்லும் தடம்.

கல்விமான் ஒருவர் மக்களுக்கு நாடாளும் பெயர்களை வைத்திருக்கலாம். பொன், மணி, புலி, மலை எல்லாம் எழுத்தில் உண்டு. இவர் ஏன் ஒரு கட்டையையும் ஒரு சுவட்டையும் தேர்ந்தார்? அதற்கும் அவரே விளக்கம் எழுதி வைத்தார். நூறெழுத்தை எட்டாத கட்டுரை அது. சக்கரம், ஆரக்கால், மேற்கவிகை, அடிச்சட்டம் எல்லாவற்றுக்கும் தேரில் வேலை உண்டு. கைப்பிடிக் கட்டைக்கு மட்டும் வேலை இருப்பதாகத் தோன்றாது. ஆயினும் அதை நீக்கினால் தேர் முழுமையாகாது. மூத்தவனிடம் தன்னை மறைத்துக்கொள்ளும் இயல்பு இல்லையே என்பதே தந்தையின் அச்சம். இளையவன் செய்தி வேறு. தேர்கள் எல்லாம் தடத்தின்மேல் செல்கின்றன. தேரின் பெருமையைச் சொல்லும்போது தடத்தைச் சொல்வார் இல்லை. ஆனால் தேர் கவிழ்ந்து குதிரை மடிந்தாலும் தடத்துக்குத் தீங்கில்லை. இவன் தப்பிவிடுவான் என்று தந்தை ஆறுதல் கொண்டார்.

அறிவுரையைப் பெயராகவே எழுதிக் கொடுத்துவிட்டார். கையெழுத்திடும்போதெல்லாம் மகன் அதைப் பார்த்தாக வேண்டும்! மூத்தவருடைய வழங்குபெயர் ஸிஜான். 'ஜான்' என்றால் நோக்குதல். தேர்க்கட்டையைப் பற்றி நிற்பவன் தொலைவை நோக்குவான். இளையவர் ஸியோ, 'யோ' என்றால் வழிப்பற்றிச் செல்லுதல். கி.மு. 684இல் நிகழ்ந்த ஒரு போரில், தோற்றோடும் பகைவரின் சக்கரத் தடத்தைக் குனிந்து பார்த்து, பின் தேர்க்கட்டையின்மேல் ஏறித் தொலைவை நோக்கிய சாவ் குய் என்பவனின் கதை பழைய வரலாற்று நூலொன்றில் உண்டு. இரு பெயரும் அங்கே அருகருகே நிற்கின்றன.

தந்தை 1066இல் மறைந்தார். மூத்தவர் பெருங்கவிஞரானார், அரசின் புதிய சட்டங்களால் மக்கள் படும் துயரைப் பாட்டில் மறைக்காமல் சொன்னார். 1079இல் அப்பாடல்களே குற்றச்சான்றாயின. காக்கைகள் அடையும் மரங்கள் இருந்தமையால் 'காக்கை மாடம்' எனப் பெயர்பெற்ற கண்காணிப்பு அலுவலகத்தில் அவரைச் சிறைவைத்து, பாடல்களை வரிவரியாகக் காட்டி வினவினர். தந்தை அஞ்சியது நிகழ்ந்தது. மறைத்து வாழ்ந்திருந்தால் சிறை இல்லை. சீனத்துக்கு அந்தக் கவிதைகளும் இல்லை.

இளையவரைப் பற்றிய கணிப்போ பிழைத்தது. தேர் கவிழ்ந்தபோது தடம் விலகிக் கிடக்கவில்லை. தம் பதவிகளை ஈடாக எடுத்துக்கொண்டு அண்ணனை விடுவிக்குமாறு சூ ஜெ பேரரசருக்கு விண்ணப்பித்தார். விளைவாக, தொலைவூர் ஒன்றில் உப்பு வரியும் மது வரியும் மேற்பார்க்கும் சிறு பணிக்குத் தள்ளப்பட்டார். தந்தை இரு மக்களின் இயல்பையும் தனித்தனியே எடைபோட்டார். அவ்விருவருக்கும் இடையே இருந்த அன்பை எடைபோட மறந்தார்.

சிறை நீங்கி ஹுவாங்ஜோவுக்கு அனுப்பப்பட்ட சூ ஷி, அங்கே ஊருக்குக் கிழக்கே இருந்த ஒரு சரிவைப் பண்படுத்திப் பயிரிட்டார். கிழக்குச் சரிவு எனப் பொருள்படும் 'தோங்போ' என்பதையே தமக்குப் பெயராக வைத்துக்கொண்டார். தந்தை தந்த பெயரைவிட அவரே உழுத நிலத்தின் பெயர்தான் உலகில் நிலைத்தது. ஒரு பன்றியிறைச்சிக் கறிக்குக்கூட அப்பெயர் வழங்குகிறது.

அவர் தம் மக்களுக்கு இட்ட பெயர்களும் நோக்கத்தக்கவை. மாய், தாய், குவோ: மூன்றிலும் நடத்தலைக் குறிக்கும் உறுப்பு உண்டு. தம்பியின் மக்கள் பெயர்களிலும் அதே உறுப்புத்தான். நீருக்குப்பின் தேர், தேருக்குப்பின் நடை. ஹுவாங்ஜோவில் 1083இல் பிறந்த கடைசிப் பிள்ளைக்கு 'துன்' என்று பெயர். அதிலும் நடையுறுப்பு உண்டு; ஆனால் பொருள் 'ஒதுங்கிப் போதல்'. தந்தை அஞ்சிச் சொன்ன அறிவுரையைச் சூ ஷி தம் பிள்ளைக்கு இட்டார் போலும். அறிவே தம்மைக் கெடுத்தது, இவன் மந்தனாகவே இருந்து அமைச்சனாகட்டும் என்று எள்ளிப் பாடியதும் இப்பிள்ளை பிறந்தபோதுதான். ஓராண்டு நிறையுமுன் துன் இறந்துபோனான்.

எழுத்தை ஆராய்ந்து வைத்த பெயரைப் பகைவரும் ஆராய்வர். 1097இல் சகோதரர் இருவரும் மீண்டும் தென்கோடிக்கு அனுப்பப்பட்டனர். மூத்தவருக்கு ஹைனான் தீவில் தான்ஜோ; இளையவருக்குக் கடலுக்கு இப்பால் லெய்ஜோ. ஏன் இவ்வூர்கள்? 'ஸிஜான்' என்பதிலுள்ள 'ஜான்' எழுத்தின் வலப்பாதி, 'தான்ஜோ'வின் 'தான்' எழுத்திலும் உண்டு. 'ஸியோ'வின் 'யோ' எழுத்தில் மேலே நீளும் கோட்டைக் குறைத்தால் வயலைக் குறிக்கும் எழுத்தாகும். அதுவே 'லெய்' எழுத்தின் அடிப்பாதி. எழுத்துறுப்பைப் பிடித்து விளையாட்டாக ஊரை ஒதுக்கினர் என்று அடுத்த நூற்றாண்டுக் கவிஞர் லூ யோ தம் குறிப்பேட்டில் எழுதியுள்ளார். இத்துணைக் கொடிய சிலேடை வேறெங்கும் இருக்குமா என்பது ஐயமே.

தீவுக்கு உடன்சென்றவர் மகன் குவோ. 'கடந்து செல்லுதல்' என்பது அப்பெயரின் பொருள். லெய்ஜோ வரையில் சகோதரர் ஒன்றாகப் பயணம் செய்தனர். அங்கே பிரிந்தபின் அவர்கள் சந்திக்கவில்லை. மன்னிக்கப்பட்டுத் திரும்பும் வழியில், 1101இல் சாங்ஜோவில் சூ ஷி காலமானார். அவருடைய கல்லறை வாசகத்தை எழுதியவர் தம்பி. 'யிங் ஆற்றங்கரையில் எஞ்சிய கிழவன்' எனப் பொருள்படும் பெயரைத் தமக்குத் தாமே சூட்டிக்கொண்டு, சூ ஜெ 1112 வரை வாழ்ந்தார். ஹெனான் பகுதியில் இருவரும் அருகருகே அடக்கம் செய்யப்பட்டனர். தந்தையின் உடல் ஸிச்சுவானில் இருந்தது. பின்னர் யுவான் ஆட்சிக் காலத்தில், அவருக்கென உடையும் தொப்பியும் வைத்த வெறுங்கல்லறை ஒன்று மக்களின் கல்லறைகளோடு சேர்த்து எழுப்பப்பட்டது.