மறைந்த தலைவர் இருவர்

நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை



ஏழு மாத இடைவெளியில் தமிழ் மக்கள் இரு தலைவர்களை இழந்தனர். 2024 ஜூன் 30ஆம் திகதி திரு. இரா. சம்பந்தன் அவர்கள் 91 வயதிற் காலமானார். 2025 ஜனவரி 29ஆம் திகதி திரு. மாவை சேனாதிராசா அவர்கள் 82 வயதிற் காலமானார். உயிருடன் இருந்த காலத்தில் ஏசியவர்களே இறந்தபின் மாலை சூட்டுவது நம்மிடையே பழகிப்போன வழக்கம். நாம் மாலை சூட்ட வரவில்லை. கணக்குப் பார்க்க வந்திருக்கிறோம்.

திருகோணமலைச் சட்டத்தரணி சம்பந்தன் 1977இல் பாராளுமன்றம் புகுந்தார். 1983இல் ஆறாவது திருத்தச் சட்டம் வந்தது. பிரிவினை கோருவதில்லையென்று சத்தியஞ் செய்தாலன்றி ஆசனமில்லை என்றாயிற்று. அவரும் சகாக்களும் ஆசனம் இழந்தனர். அதே மன்றில் 2015இல் அவர் எதிர்க்கட்சித் தலைவரானார், திரு. அமிர்தலிங்கத்தின் பின் அப்பதவி வகித்த தமிழர் அவரே. 2016க்குள் தீர்வு கிட்டுமென்றார்; கிட்டவில்லை. நம்பியதிற் பிழையில்லை, நம்பிக்கைக்குத் திகதி குறித்ததே பிழை என்பது நமது கருத்து. தீர்ப்பு நாளைக் கட்சிக்காரருக்கு எந்தச் சட்டத்தரணியும் வாக்களிப்பதில்லை.

சேனாதிராசா அவர்களுக்கு மாவிட்டபுரம் என்னும் ஊரே பெயராயிற்று. இளமையில் ஆண்டுக்கணக்கிற் சிறையிருந்தவர். 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். வெங்காயமும் புகையிலையும் விளைந்த செம்மண் முட்கம்பிக்குள் அகப்பட்டது. 2003இல் அவர் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார். அவர் ஆற்றிய மேடைப் பேச்சுக்கள் எத்தனையோ. நாம் பெரிதாக மதிப்பது அம்மனுவையே. பேச்சு காற்றோடு போகும். மனு நீதிமன்றப் பதிவேட்டில் நிற்கும். 2009இன் பின் காணிகள் துண்டு துண்டாக விடப்பட்டன. அவர் கண்மூடிய நாளிலும் அவை முழுமையாக விடப்பட்டிருக்கவில்லை.

காணி மீளாத குடும்பங்களைச் சேர்ந்தோர் இம்மண்டபத்தில் இருக்கிறீர்கள். 1990இல் வீட்டைப் பூட்டிவிட்டு வந்த பலரிடம் உறுதி இல்லை. எல்லைக் கல்லும் இல்லை, வேலியும் இல்லை. கிழக்கெல்லை எவருடையது, கிணற்றிற் பங்கு யார் யாருக்கு, வழி வாய்க்கால் உரிமை எப்பக்கம் என்பனவெல்லாம் எண்பது வயதைக் கடந்த சிலரின் நினைவில் மாத்திரமே இருக்கின்றன. தலைவர்கள் மறைவதைப் பத்திரிகைகள் அறிவிக்கின்றன. இந்தச் சாட்சிகள் மறைவதை எவரும் அறிவிப்பதில்லை; ஆனால் ஒவ்வொருவர் மறையும்போதும் ஒரு வழக்கு வலுவிழக்கிறது. ஆகவே உங்கள் வீட்டு முதியோர் சொல்வதைச் சத்தியக் கடதாசியாக எழுதிக் கையொப்பம் பெறுங்கள். மூல உறுதி, நில அளவைப் படம், பழைய சோலைவரிப் பற்றுச்சீட்டு, எது இருப்பினும் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். தொலைந்த உறுதிக்குக் காணிப் பதிவகத்தில் பிரதி தேடலாம்.

மண்டப வாசலில் நமது சட்டத்தரணிகள் இருவர் மேசையிட்டு அமர்ந்திருக்கின்றனர். கூட்டம் முடிந்ததும் அவர்களிடம் பெயரைப் பதியுங்கள். கட்டணம் இல்லை.