வண்டி எரிந்தால் வழி எங்கே?

(திருப்பூரில் பனியன் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று கூலியைப் பற்றி நான் பேசப்போவதில்லை. பேட்டரி வண்டியைப் பற்றிப் பேசப்போகிறேன். "சங்கத்துக்காரர் எப்போது மெக்கானிக் ஆனார்?" என்று சிலர் சிரிக்கலாம். சிரியுங்கள். ஆனால் கூட்டம் முடிந்து வெளியே போகும்போது வாசலில் நிற்கும் வண்டிகளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். சத்தம் போடாத வண்டிகள் எத்தனை நிற்கின்றன? அவற்றில் தவணைக் கடனில் வந்தவை எத்தனை?

பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டி நிற்கிறது. பெருமாநல்லூரிலிருந்தும் ஊத்துக்குளியிலிருந்தும் நித்தம் வந்து போகிறவன் என்ன செய்வான்? பேட்டரி வண்டி வாங்குகிறான். வாங்கட்டும். இயந்திரத்துக்கு நாம் விரோதிகள் அல்ல. புகையில்லாத வண்டி நல்ல வண்டிதான். பெட்ரோல் வண்டி தீப்பிடிப்பதே இல்லையா? பிடிக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பெட்ரோல் வண்டி பெரும்பாலும் ரோட்டில் எரிகிறது, குதித்து ஓடிவிடலாம். இது நாம் தூங்கும்போது, நம் வீட்டுக்குள்ளே, நம் தலைமாட்டிலே எரியக்கூடியது.

2022 மார்ச் 25-ஆம் தேதி இரவு வேலூர் அல்லாபுரத்தில் என்ன நடந்தது? ஒரு தகப்பன் புதிதாக ஒரு பேட்டரி வண்டி வாங்கினார். இரவில் வீட்டில் சார்ஜ் போட்டுவிட்டு, பள்ளிக்கூடம் போகும் மகளோடு படுத்தார். வண்டி எரிந்தது. சிறிய வீடு. புகை சூழ்ந்து, மூச்சு முட்டி, தகப்பனும் மகளும் இறந்தார்கள். வண்டியைச் செய்த ஒக்கினாவா கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? சார்ஜ் போடுவதில் காட்டிய அஜாக்கிரதையால் ஷார்ட் சர்க்யூட் ஆகிவிட்டதாம்! செத்தவன் மேல் குற்றம். அதே கம்பெனி மூன்று வாரம் கழித்து, ஏப்ரல் 16-ஆம் தேதி, தன் வண்டிகளில் 3,215-ஐத் திரும்ப அழைத்தது. எதற்காக? பேட்டரியில் இணைப்புகள் தளர்ந்திருக்கின்றனவா, பழுது இருக்கிறதா என்று பார்ப்பதற்காக! அஜாக்கிரதை யாருடையது?

அந்த ஏப்ரல் மாதத்திலேயே நிஜாமாபாத்தில் ஒரு முதியவர் இறந்தார். விஜயவாடாவில், படுக்கையறையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த பேட்டரி வெடித்து ஒருவர் இறந்தார். இரண்டும் வேறு வேறு கம்பெனிகளின் வண்டிகள். வேறு கம்பெனிகளும் ஆயிரக்கணக்கில் வண்டிகளைத் திரும்ப அழைத்தன.

இந்தப் பேட்டரிக்குள் என்ன இருக்கிறது? நம் தொழிலிலிருந்தே சொல்கிறேன். இரண்டு உலோகத் தகடுகள். நடுவில் காகிதத்தைவிட மெல்லிய பிளாஸ்டிக் படலம். துணி ரோல் சுற்றுவது போல் சுற்றி, தீப்பற்றக்கூடிய ஒரு திரவத்தில் நனைத்து, சின்ன டப்பாவில் அடைக்கிறார்கள். அதற்கு செல் என்று பெயர். இப்படிப் பல செல்களை அடுக்கினால் பேட்டரி. அடி பட்டாலோ, தண்ணீர் புகுந்தாலோ, அளவுக்கு மேல் சார்ஜ் ஏறினாலோ, செய்யும்போதே ஒரு உலோகத் துணுக்கு உள்ளே சிக்கியிருந்தாலோ அந்தப் படலம் கிழிகிறது. இரண்டு தகடும் தொட்டுக்கொள்கின்றன. செல் கொதிக்கிறது. அந்தச் சூட்டில் பக்கத்துச் செல் கொதிக்கிறது. பிறகு அதற்கடுத்தது. விஷப்புகை கக்கிக்கொண்டு சில நிமிஷத்தில் எல்லாம் எரிகிறது. அணைந்துவிட்டது என்று நினைத்தால், மணிக்கணக்கில் கழித்து மறுபடியும் பற்றும்.

ஒரு செல் கெட்டால் அதோடு நிற்கும்படி பேட்டரியைக் கட்ட முடியாதா? முடியும். சூடு ஏறினால் தானாக மின்சாரத்தை வெட்டும் நல்ல கருவி வைக்க முடியும். இரும்பு பாஸ்பேட் கொண்டு செய்யும் செல் சூட்டை அதிகம் தாங்கும். எல்லாம் தெரிந்த விஷயம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் காசு வேண்டும். சர்க்கார் இந்தச் சோதனைகளைக் கடுமையாக்கியது எப்போது? இத்தனை பேர் செத்த பிறகு! 2022 டிசம்பரில் ஒரு பாதி, 2023 மார்ச் கடைசியில் மறு பாதி என்று இரண்டு தவணையில் விதி வந்தது. தீ செல்லுக்குச் செல் பரவுகிறதா என்கிற சோதனை இரண்டாவது தவணையில்தான் வந்தது. அதற்கு முன்னால் விற்ற வண்டிகள் எங்கே போயின? பாதி விலைக்குக் கை மாறி நம்மிடம்தான் வந்துகொண்டிருக்கின்றன. இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்துக்குள் போகும் சின்ன வண்டி இருக்கிறதே, அது சட்டப்படி மோட்டார் வண்டியே அல்ல. பதிவு வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம் என்று சொல்லி நம் பிள்ளைகள் தலையில் கட்டுவது அதைத்தான்.

ஆனால் பணம் கொடுப்பதில் சர்க்கார் தாமதம் செய்யவில்லை. 2021 ஜூனிலேயே, ஒரு யூனிட் மின்சாரம் பிடிக்கும் பேட்டரிக்கு 15,000 ரூபாய் என்று மானியத்தை உயர்த்தியது. மானியம் வாங்கிய கம்பெனிகள் உள்நாட்டில் பாகங்களைச் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. 2023-இல், நிபந்தனையை மீறியதாக ஏழு கம்பெனிகளிடம் 469 கோடி ரூபாயைத் திருப்பிக் கேட்டது சர்க்கார். நம் வரிப் பணம், தோழர்களே!

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். நாம் குடியிருப்பது எங்கே? காம்பவுண்டுக்குள் லைன் வீடு. பத்துக்குப் பத்து அறை. ஒரே கதவு. வண்டியை வெளியே விட்டால் திருடு போகும், மழையில் நனையும் என்று நடையிலே ஏற்றி நிறுத்துகிறோம். அதாவது, வெளியேற இருக்கும் ஒரே வழியில் நிறுத்துகிறோம். சார்ஜ் போடுவது எதில்? வீட்டுக்காரர் என்றைக்கோ போட்ட, பிளக் ஆடுகிற பாயிண்டில். வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்து வாரியம் வாங்குவதைவிட அதிகமாக யூனிட்டுக்குக் கேட்கிறார். தனி லைன் போட்டுத் தா என்றால் "வண்டியை வேறிடம் கொண்டு போ" என்கிறார். பல்லடம், காங்கயம் பக்கம் குடிசையில் இருக்கும் விவசாயத் தொழிலாளி நிலைமை இதைவிட மோசம். ஒரு விளக்குக்கென்று கொடுத்த இணைப்பு, மேலே ஓலை. இந்த மனிதனைப் பார்த்து "அஜாக்கிரதை" என்று சொல்ல எவனுக்கு வாய் வருகிறது?

வாசலில் பற்றும் தீ எப்படிக் கொல்லும் என்பதற்கு 2022 செப்டம்பர் 12 இரவு சிகந்திராபாத்தே சாட்சி. கீழே பேட்டரி வண்டிக் கடை, மேலே லாட்ஜ். ஏறி இறங்க ஒரே படிக்கட்டு. கீழே பற்றியது, படிக்கட்டே புகைபோக்கி ஆனது. எட்டுப் பேர் பலி. 2024 பிப்ரவரியில் சீனாவின் நான்ஜிங் நகரில், மாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் வண்டிகள் நிறுத்திய இடத்தில் தீ. 15 பேர் பலி. உயரமான கட்டிடங்களின் பொது வழியில் வண்டி நிறுத்தவும் சார்ஜ் போடவும் கூடாதென்று அங்கே 2021-லேயே விதி உண்டு. விதி இருந்தும் உயிர் போயிற்று. நியூயார்க்கில் 2023-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் இத்தகைய பேட்டரிகளால் 268 தீ விபத்துகள், 18 சாவுகள். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் தொழிலாளிகளுக்கு அங்கே இந்த வண்டிதான் பிழைப்பு.

நம் பனியன் கம்பெனியின் படிக்கட்டுக்கு அடியில் நிற்பது என்ன? அதே வண்டிகள். பக்கத்தில் கட்டிங் வேஸ்ட் மூட்டை. மேலே ஓவர்லாக்கிலும் செக்கிங்கிலும் பெண்கள். 2012-இல் டாக்கா அருகே தஸ்ரீன் கார்மெண்ட்ஸில் நூலும் துணியும் குவித்திருந்த கீழ்த்தளத்தில் பற்றிய தீ, மேலே தைத்துக்கொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. அது வண்டித் தீ அல்ல. ஆனால் படிக்கட்டு அதே படிக்கட்டு.

1948-ஆம் வருஷச் சட்டப்படி, மின்சாரத்தில் வேலை நடக்கும் இடத்தில் பத்துப் பேர் இருந்தால் அது தொழிற்சாலை. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டம் அதை இருபது ஆக்கிவிட்டது. பதினைந்து பேர் தைக்கும் ஜாப் ஒர்க் யூனிட் இப்போது தொழிற்சாலைக் கணக்கிலேயே வராது. வழி விட்டிருக்கிறானா என்று இனி எந்த இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பான்?

ஆகவே நாம் கேட்பது இது. ஷிப்ட் நேரத்திலேயே கம்பெனி வளாகத்தில் சார்ஜ் போட இடம் வேண்டும். நாலு பக்கமும் திறந்த தகரக் கொட்டகை, பஞ்சுக்கும் வேஸ்டுக்கும் படிக்கட்டுக்கும் தூரமாக, கம்பெனிக் கரண்டில். எட்டு மணி நேரம் வண்டி சும்மாதானே நிற்கிறது? லைன் வீட்டுத் தெருக்களுக்கு மாநகராட்சியும், கிராமத்துக்கு ஊராட்சியும் பொதுக் கொட்டகை போட வேண்டும். இரவில் காம்பவுண்டு கேட்டைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோகும் பழக்கம் நிற்க வேண்டும். தீயணைப்பு இலாகா கம்பெனி தோறும் பயிற்சி தர வேண்டும். தமிழில் மட்டுமல்ல, இந்தியிலும் ஒடியாவிலும். கொரியாவின் ஹ்வாசொங் நகரில் 2024 ஜூனில் லித்தியம் பேட்டரி ஆலை எரிந்து 23 பேர் மாண்டார்கள். 18 பேர் பிழைப்பு தேடி அயல்நாட்டிலிருந்து வந்தவர்கள். பீகாரிலிருந்து வந்த நம் தோழனுக்கும் வெளிவழி தெரிந்திருக்க வேண்டாமா?

கொட்டகை வரும்வரை என்ன செய்வது? கழற்றும் பேட்டரியானாலும் படுக்கிற அறையில் சார்ஜ் போடாதீர்கள். கதவை மறித்து வண்டியை நிறுத்தாதீர்கள். வெயிலில் ஓட்டி வந்த சூட்டோடு பிளக்கைச் சொருகாதீர்கள், ஆறட்டும். இரவெல்லாம் போட்டுவைக்காமல், விழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள். வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறு வேண்டாம். பழைய செல்லை மாற்றி ஒட்டித் தருகிறேன் என்பவனிடம் போகாதீர்கள். பேட்டரி உப்பினால், வாடை வந்தால், புகைந்தால், வண்டி போகட்டும். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வாருங்கள், கதவைச் சாத்துங்கள், 101-க்குச் சொல்லுங்கள். தவணை பாக்கி இருக்கிறதே என்று உள்ளே திரும்பிப் போகாதீர்கள்.

கோரிக்கை மனு மேடைக்குப் பக்கத்து மேஜையில் இருக்கிறது. கம்பெனி பெயர், வண்டி நிறுத்தும் இடம், எத்தனை வாசல், எது பூட்டியிருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எழுதத் தெரியாத தாய்மார்கள் சொன்னால் போதும், தோழர்கள் எழுதிக்கொள்வார்கள். கலெக்டர் ஆபீசுக்குப் போகும்போது எந்தெந்தக் கம்பெனியில் எந்தெந்த வாசல் அடைந்து கிடக்கிறது என்று பெயரோடு சொல்ல வேண்டும்.