தோற்கப் பழகிய குதிரை

குதிரைப் பந்தயம் என்றதும் முகஞ் சுளிப்போர் நம்மிடையே பலர். அதற்குத் தக்க காரணமும் உண்டு. சம்பளம் வாங்கிய அன்றே அதனைப் பந்தயத்தில் வைத்து இழந்துவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்பியவர்களின் கதையை ஊர்தோறும் கேட்கலாம். அப்படியொரு கதையைத் தம் கந்தோரிலேயே கண்ணாரக் கண்டவர், இளைப்பாறிய இலிகிதர் ஒருவர். குதிரை ஓடுவது குதிரைக்கு அழகு, அதன் பின்னால் மனிதன் ஓடுவது யாருக்கு அழகு என்று கேட்பது அவர் வழக்கம். அவரை ஒருநாள் மாலை பேரப்பிள்ளைகள் வற்புறுத்தி ஒரு திரைப்படத்தின் முன் இருத்தினர். 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த 'சீபிஸ்கட்' என்னும் படம் அது. இரண்டு மணி இருபது நிமிடம் ஓடுவது. முதல் அரைமணி நேரமும் பெரியவர் கொட்டாவி விட்டார். இறுதி அரைமணி நேரம் அவர் நாற்காலியில் இருக்கவேயில்லை. எழுந்து நின்று, தோளிற் கிடந்த சால்வையைக் கையிலெடுத்துச் சுழற்றி, "விடாதே, விடாதே" என்று அந்த அமெரிக்கக் குதிரைக்குத் தமிழில் உற்சாகமூட்டினார்.

நேயர்களே, இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் சற்றே எண்ணிப் பார்த்தால் வியப்புக்குரிய செய்தியாகும். அந்தப் பந்தயம் நடந்தது 1938ஆம் ஆண்டில். வென்ற குதிரை எது, தோற்ற குதிரை எது என்பது அன்றே உலகறிந்த செய்தி. எத்தனை பேர் கத்தினாலும் முடிவு ஓர் அங்குலமும் மாறப்போவதில்லை. பந்தயத்தை வெறுக்கும் ஒருவரை அது எப்படி எழுப்பி நிறுத்தியது?

அதற்கு விடை பந்தயத் திடலில் இல்லை. பெரியவர் கொட்டாவி விட்டாரே, அந்த முதற் பகுதியிலேயே இருக்கிறது. படத்தை நெறிப்படுத்திய கரி றொஸ், குதிரையைக் காட்டுமுன் மோட்டார் வண்டியைக் காட்டுகிறார். சார்ள்ஸ் ஹவார்ட் என்பவர் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஒரு சிறிய சைக்கிள் திருத்துங் கடை வைத்திருந்தவர். பின்னர் பியூயிக் மோட்டார் வண்டிகளை விற்றுப் பெருஞ் செல்வரானார். குதிரையை வீதியிலிருந்து விரட்டிய பொறியை விற்றே அவர் பணக்காரரானார் என்பதை மறந்துவிடலாகாது. 1926ஆம் ஆண்டில் அவருடைய பதினைந்து வயது மகன், தங்கள் பண்ணையில் லொறியொன்றை ஓட்டிச் சென்று விபத்தில் மாண்டான். வாழ்வளித்த பொறியே வாரிசைக் கொண்டுபோயிற்று. இதைப் படம் சத்தமின்றிச் சொல்லுகிறது. இத்தகைய இடங்களில்தான் இந்தப் படம் சாதாரணப் படங்களினின்றும் உயர்ந்து நிற்கிறது.

இரண்டாமவர் ரொம் ஸ்மித். சமவெளிகளிற் காட்டுக் குதிரைகளைப் பிடித்துப் பழக்கி வாழ்ந்தவர். மோட்டார் வந்ததும் அவர் தொழில் போயிற்று. அதிகம் பேசாதவர், மனிதரோடு பேசியதிலும் குதிரைகளோடு பேசியதே மிகுதி என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். மூன்றாமவர் ரெட் பொலார்ட் என்னும் குதிரையோட்டி. கனடாவிற் பிறந்தவர். இளமையிலேயே குடும்பத்தைப் பிரிந்து பந்தயத் திடல்களில் அலைந்தவர். குதிரையோட்டி குறுகிய உருவினராயிருத்தல் வேண்டும். இவரோ ஐந்தடி ஏழங்குலம் வளர்ந்துவிட்டார். போதாக்குறைக்கு வலது கண் பார்வையற்றது. காலைப் பயிற்சியொன்றில், முன்னே ஓடிய குதிரையின் குளம்பிலிருந்து தெறித்த பொருளொன்று தலையிற் பட்டு, அந்தக் கண்ணின் ஒளி போயிற்று. வெளியே தெரிந்தால் தொழிலே போய்விடும் என்பதால் அதனை மறைத்தே அவர் காலங் கழித்தார். இத்தனை வறுமையிலும் ஷேக்ஸ்பியரின் நூலைப் பையிற் போட்டுத் தூக்கிக்கொண்டு திரிந்தார் என்பது இலக்கியம் கற்றோர் மகிழ வேண்டிய செய்தி.

இனிக் குதிரை. மான் ஓ வார் என்னும் புகழ்பெற்ற பந்தயக் குதிரையின் பேரன் அது. தந்தையின் பெயர் ஹார்ட் ராக். மாலுமிகள் நெடும்பயணத்தில் உண்ணும், பல்லுக்கு அசையாத உலர்ந்த ரொட்டிக்கு ஆங்கிலத்தில் அப்பெயர். அதே ரொட்டிக்கு இன்னொரு பெயர் சீபிஸ்கட். பிறப்பு உயர்ந்ததாயினும் உருவம் பேரனுக்கு வாய்க்கவில்லை. குட்டையான உடல், நேரே நிமிராத முன்னங் கால்கள், நினைத்தபோதெல்லாம் படுத்துறங்கும் இயல்பு. 1933ஆம் ஆண்டிற் பிறந்த அக்குதிரையை இரண்டு வயதிலேயே 35 பந்தயங்களில் ஓட்டினார்கள். அவற்றில் வென்றவை ஐந்தே. பயிற்சியின்போது மேலான குதிரைகளுக்குத் துணையாக அதனை ஓடவிட்டு, அவற்றின் ஊக்கத்துக்காக இதனைப் பின்தங்கச் செய்தார்கள் என்று படம் காட்டுகிறது. தோற்பதையே ஒரு பாடமாகக் கற்பித்துவிட்டு, பிறகு இது தோற்கிறதே என்று விற்றார்கள். 1936ஆம் ஆண்டில் ஹவார்ட் கொடுத்த விலை 8,000 டொலர்.

பாடசாலைகளின் கடைசி வாங்கிலிலும் இத்தகைய சீபிஸ்கட்டுகள் பல உண்டு.

அந்தக் குதிரையை ஸ்மித் எப்படித் திருத்தினார் என்பதே இந்தக் கதையின் உயிர்நாடி. முதலில் அவர் அதனை ஓடவிடவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார். லாயத்தில் அது ஓயாது நடந்து, வியர்த்து, வருவோரைக் கடிக்கப் பாய்ந்தது. தனிமை அதற்கு ஆகாது எனக் கண்டு ஓர் ஆட்டைத் துணைவிட்டார். சீபிஸ்கட் அந்த ஆட்டைப் பல்லாற் பற்றித் தூக்கி வெளியே எறிந்தது. (படத்தில் இந்த இடத்தில் சிரிக்காதவர் இலர்.) அடுத்துப் பூசணி என்று பொருள்படும் பெயருடைய சாந்தமான மட்டக்குதிரையொன்றைக் கொண்டுவந்தார், அதனோடு நட்பு நிலைத்தது. பின்னர் ஒரு தெருநாயும், ஒரு குரங்கும் அந்த லாயத்திற் குடியேறின. காலையில் நேரங்கழித்து எழ விரும்பினால் எழுப்பவேண்டாம் என்று கட்டளையிட்டார். வேலியோ வட்டமோ இல்லாத வெளியிற் குதிரையைத் தன் விருப்பப்படி ஓடவிட்டு, அது தானே நிற்கும்வரை காத்திருந்த காட்சி படத்திலே மிக அழகாக அமைந்திருக்கிறது. அடிக்காமல், விரட்டாமல், இதற்கு என்ன வேண்டும் என்று ஒருவர் பொறுமையாகக் கேட்கிறார். பெரியவர் கொட்டாவியை நிறுத்தியது இந்த இடத்திலேயாம்.

கலிபோர்ணியாவில் சீபிஸ்கட் வென்றுகொண்டே வந்தது. ஆனால் சன்ரா அனிற்றாவில் நடைபெறும் ஒரு லட்சம் டொலர்ப் பந்தயம் மட்டும் அதற்குக் கிட்டவில்லை. 1937இலும் 1938இலும் ஒரு மூக்கு நீள வித்தியாசத்திலேயே தோற்றது. கிழக்கே வார் அட்மிரல் என்னும் குதிரை, மூன்று வயதுக் குதிரைகளுக்குரிய பெரும் பந்தயங்கள் மூன்றையும் 1937இல் வென்று முடிசூடியிருந்தது. அதுவும் மான் ஓ வாரின் மகன். ஆகவே சீபிஸ்கட்டுக்குச் சிறிய தந்தை முறை. இவ்விரண்டும் தனித்து ஓடவேண்டும் என்று நாடே கேட்டது. 1938 நவம்பர் 1ஆம் நாள், மேரிலாந்திலுள்ள பிம்லிக்கோ திடலில் அது நடந்தது. பொலார்டுக்கு அன்று சேணத்தில் இடமில்லை. அவ்வாண்டில் இருமுறை விபத்துற்று, மார்பெலும்பும் காலெலும்பும் நொறுங்கியவராய் இருந்தார் அவர். அவருடைய நண்பர் ஜோர்ஜ் வூல்வ் குதிரையில் ஏறினார்.

இங்கே படம் செய்யும் ஒரு காரியம் வானொலி நேயர்களுக்கு மிகவும் பிடிக்கும். மணி அடித்துக் குதிரைகள் பாய்கின்றன, அவ்வளவுதான். உடனே ஓட்டம் மறைந்து, கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் அசையாமல் வந்து நிற்கின்றன. கடைகளிலும் வீடுகளிலும் வீதியோரங்களிலும் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து நிற்கும் ஏழை எளியவர்களின் முகங்கள் அவை. குதிரையைப் பார்க்க வந்த நம்மைக் குதிரையைக் கேட்கச் செய்கிறார் இயக்குநர். அன்று திடலில் இருந்தவர் ஏறத்தாழ 40,000 பேர். வானொலியிற் கேட்டவரோ நான்கு கோடியினர் எனக் கணக்கிடப்பட்டனர். அன்றைய உண்மை வருணனையாளர் கிளெம் மக்கார்தி, நெருக்கடியைத் தாண்டித் தம் கூடத்துக்குச் செல்ல இயலாமல், வேலியோரத்தில் நின்றே வருணித்தார். படத்திலோ, மணியும் ஊதுகுழலும் கையில் வைத்துக்கொண்டு கலையகத்தில் இருந்தபடி ஆரவாரஞ் செய்யும் கற்பனை அறிவிப்பாளர் ஒருவர் வருகிறார். அவர் நல்ல நகைச்சுவை தருகிறார். ஆயினும் வேலியோரத்தில் நசுங்கி நின்ற மக்கார்தியைக் காட்டியிருந்தால் இன்னும் சிறப்பாயிருந்திருக்கும்.

அந்தப் புகைப்பட முகங்கள் யாருடையவை? 1933ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொழிலாளரில் நால்வருள் ஒருவருக்கு வேலையில்லை. வங்கிகள் முறிந்தன, நிலங்கள் கைமாறின. தங்களால் நாட்டுக்கு இனிப் பயனில்லை என்று எண்ணப் பழகிய மக்கள் அவர்கள். சீபிஸ்கட் அவர்களுக்குச் சோறு போடவில்லை. ஆயினும், உதவாது என்று தள்ளப்பட்ட ஒன்றைத் தள்ளியவர்களின் கணக்குப் பிழையாயிருக்கலாம் என்பதை அந்தக் குதிரை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிற்று. இலிகிதர் எழுந்து நின்றதும் இதற்காகவே. அவருடைய சால்வை சுழன்றது பணயப் பணத்துக்காக அன்று.

வார் அட்மிரல் தொடக்கத்திலேயே முந்திவிடும் என்று அனைவரும் நம்பினர். ஸ்மித்தோ மணியொன்றைச் செய்து, அதன் ஓசை கேட்டதும் பாயுமாறு சீபிஸ்கட்டைப் பழக்கியிருந்தார். அது முந்தியது. பின்னர்ப் பொலார்ட் சொல்லியனுப்பிய உபாயத்தின்படி, வூல்வ் வேண்டுமென்றே மற்றக் குதிரையை அருகில் வரவிட்டார். எதிரியைக் கண்ணுக்குக் கண் கண்டால் தன் குதிரை தோற்காது என்பது பொலார்டின் கணிப்பு. அவ்வாறே நான்கு குதிரை நீளத்தால் வென்றது. தோற்கப் பழக்கப்பட்ட பிராணியிடம் எதிரியை அருகே வரவிடும் துணிவு இருக்கும் என்று நம்பிய அந்த ஒற்றைக் கண்ணரை என்னென்பது!

படத்தின் குறைகளையும் சொல்லவேண்டும். வார் அட்மிரலை மலைபோல் உயர்ந்த குதிரையாகக் காட்டியிருக்கிறார்கள். உண்மையில் அது பெரிய குதிரையன்று. ஏறத்தாழச் சீபிஸ்கட்டின் உயரமே. சிறியவன் பெரியவனை வென்றான் என்னும் பழைய கதைக்காக ஒரு நல்ல குதிரைக்கு அநீதி இழைக்கப்பட்டிருக்கிறது. பணயப் பணத்தைப் பற்றியும் படம் அதிகம் பேசவில்லை. கலிபோர்ணியா அரசு 1933இல் பந்தயப் பணயத்தை அனுமதித்ததும், 1934இல் சன்ரா அனிற்றா திறக்கப்பட்டதும், அந்தப் பஞ்ச காலத்திலேயேதான். வேலையற்றவனின் கடைசிக் காசும் அங்கே போயிருக்கும். இலிகிதரின் பழைய வெறுப்பில் நியாயம் இருக்கிறது. அதனை இந்தப் படம் அசைக்கவில்லை. அசைக்க முயலவும் இல்லை.

இப்படம் ஏழு ஒஸ்கார் விருதுகளுக்கு முன்மொழியப்பட்டு ஒன்றும் பெறவில்லை. அதற்கு ஆதாரமான நூலை 2001இல் வெளியிட்ட லோரா ஹிலன்பிரான்ட் அம்மையார், நீங்காத சோர்வு நோயால் வீட்டைவிட்டு வெளியேறவும் வலுவற்றிருந்த நிலையில் அதனை எழுதியவர். படுக்கையிற் கிடந்து ஓட்டத்தைப் பற்றி எழுதிய கை அது. ஒடிந்த காலோடு கிடந்த பொலார்டைப் பற்றிய பக்கங்கள் அத்தனை உயிரோடு இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

1939இல் சீபிஸ்கட்டின் காலிலும் தசைநார் அறுந்தது. ஹவார்டின் பண்ணையில் குதிரையும் பொலார்டும் சேர்ந்து நொண்டி நடந்து தேறினர். 1940 மார்ச் 2ஆம் நாள், 70,000க்கும் மேற்பட்டோர் முன்னிலையில், அதுவரை கிட்டாத அந்தச் சன்ரா அனிற்றாப் பந்தயத்தை அவ்விருவரும் வென்றனர். படம் அங்கே முடிகிறது. வாழ்க்கை அங்கே முடியவில்லை. வூல்வ் 1946இல் ஓட்டத்தின்போது விழுந்து இறந்தார். பொலார்ட் மீண்டும் சிறு திடல்களில் ஓடினார், பலமுறை விழுந்தார், முதுமையில் இளம் குதிரையோட்டிகளின் சப்பாத்துகளைத் துடைத்துக் கொடுத்தார், 1981இல் மறைந்தார். உதவாது என்று ஒதுக்கப்பட்ட குதிரைக்கு ஒரு பண்ணை கிடைத்தது. அதன்மேல் இருந்த மனிதனுக்கு அவ்வளவு கிடைக்கவில்லை. இதனையும் அறிந்து பார்க்கும்போது அந்தக் கடைசிக் காட்சியின் இனிமை குறைவதில்லை. அதன் பெறுமதி கூடுகிறது.

சீபிஸ்கட் 1947 மே மாதத்தில் அந்தப் பண்ணையிலேயே இறந்தது. ஹவார்ட் அதனை அங்கே புதைத்து, அவ்விடத்தில் ஓர் ஓக் மரக் கன்றை நட்டார். அது எந்த இடம் என்பதைத் தம் குடும்பத்தாருக்கு மட்டுமே சொன்னார்.