கைபேசியும் கிராம விற்பனையும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)



விளைவிப்பதில் நம் கிராமங்கள் பின்தங்கியவை அல்ல. விளைந்ததை விற்பதில்தான் நாம் பின்தங்கி நிற்கிறோம். கரும்பை நட்டு, ஆலையில் சாறு பிழிந்து, கொப்பரையில் காய்ச்சி, நாட்டுச் சர்க்கரையாக்கும் வரையில் உழைப்பு முழுவதும் நம்முடையது. மூட்டை வண்டியேறிய பின்னர், அது எந்த ஊருக்குப் போயிற்று, உண்டவர் மெச்சினாரா, குறை கூறினாரா என்பவற்றுள் ஒன்றும் நமக்குத் தெரிவதில்லை. வாங்கியவருக்கும் நம் பெயர் தெரியாது. பெயர் தெரியாத சரக்குக்கு அன்றைய சந்தை விலையே விலை. கலப்படமின்றிக் காய்ச்சியவருக்கும் ஏனோதானோவென்று காய்ச்சியவருக்கும் ஏறக்குறைய ஒரே பணம் கிடைக்குமாயின், நேர்மையாக உழைப்பதில் ஒருவருக்கு எத்தனை நாள் ஊக்கம் இருக்கும்?

உற்பத்தியாளரின் பெயரை வாங்குபவரிடத்தும், வாங்குபவரின் பெயரை உற்பத்தியாளரிடத்தும் சேர்ப்பிக்கும் கருவி இன்று நம் கையிலேயே இருக்கிறது. அதுதான் கைபேசி. இதன் வழியே நடைபெறும் வாணிபத்தை மின்னணு விற்பனை என்று கூறுவர். பெயர் பெரிதாயினும் பொருள் எளிது. நம்மிடம் உள்ள பொருளைத் தெரிவித்தல், கேட்பவருக்கு விடையளித்தல், சொன்னபடி அனுப்புதல், அனுப்பிய பின் விசாரித்தல் ஆகிய நான்கும் சேர்ந்ததே அது. முதலாவதை மட்டும் செய்து மற்ற மூன்றையும் கைவிட்டவர்களே, “முயன்று பார்த்தோம், பயனில்லை” என்று சலித்துக்கொள்கிறார்கள்.

முதற்படி: இருக்குமிடம் தெரியட்டும்

நெடுஞ்சாலையில் காரில் செல்லும் ஒருவர் மரச்செக்கு எண்ணெய் எங்கே கிடைக்கும் என்று கைபேசியில் தேடுகிறார். அரை மைல் தொலைவில் நம் செக்கு ஓடிக்கொண்டிருந்தாலும், கூகுள் வரைபடத்தில் அதன் பெயர் இல்லையெனில் அவர் வந்த வழியே போய்விடுவார். அவ்வரைபடத்தில் தொழிலின் பெயர், முகவரி, தொலைபேசி எண், திறந்திருக்கும் நேரம் ஆகியவற்றைப் பதிவு செய்வதற்குக் கட்டணம் ஏதும் இல்லை. பெயர்ப்பலகையில் உள்ள பெயரும் எண்ணுமே எல்லா இடத்திலும் இருக்கவேண்டும். பணம் கொடுத்தால் முதலிடத்தில் வரச்செய்வோம் என்று தொலைபேசியில் அழைப்பவர்களிடம் ஏமாறலாகாது.

இரண்டாம்படி: விடையளிக்கும் வழக்கம்

வாட்ஸ்அப் நிறுவனம் சிறு வியாபாரிகளுக்கென்றே தனிச் செயலி ஒன்றை 2018ஆம் ஆண்டில் வெளியிட்டது. நம் பொருள்களின் படங்களையும் விலைகளையும் அதில் ஒரு பட்டியலாக அமைத்து வைக்கலாம். நாம் வயலில் இருக்கும் நேரத்தில் எவரேனும் செய்தி அனுப்பினால், “மாலை 6 மணிக்கு விடையளிப்போம்” என்று அதுவே பதில் கூறும்படி செய்யலாம். அவ்வாறு கூறியபின் 6 மணிக்கு விடையளிப்பது நம் கடமை.

படம் எடுப்பதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. காலை வெயிலின் வெளிச்சத்தில், தூய துணியின்மேல் பொருளை வைத்து எடுத்தால் போதும். பிறருடைய படத்தை எடுத்துப் போடுதல் தகாது. வந்த சரக்கு படத்தினின்றும் வேறுபட்டால் வாங்கியவர் மறுமுறை நம்மை நம்பமாட்டார். படத்தின்கீழ் எடை, விலை, தயாரித்த நாள், அனுப்பும் செலவு ஆகிய நான்கையும் எழுதிவிடுக. “விலைக்கு அழையுங்கள்” என்று எழுதுவோரைப் பலர் அழைப்பதே இல்லை.

விரும்பாதவர்களுக்கு நாள்தோறும் செய்தி அனுப்புவது தொல்லையாகும். அவர்கள் நம் எண்ணைத் தடுத்துவிடுவார்கள். அதைவிட, ஒரு நோட்டுப் புத்தகத்தில் யார், எந்த ஊர், எப்போது, எவ்வளவு வாங்கினார் என்று குறித்து வைப்பது நலம். 5 கிலோ சர்க்கரை ஒரு வீட்டில் இரண்டு மாதத்தில் தீருமென்றால், அச்சமயத்தில் ஒரே ஒரு முறை கேட்டால் போதும்.

மூன்றாம்படி: செலவுக் கணக்கு

உற்சாகத்தில் கணக்கை மறப்பவர்கள் பலர். ஓர் உதாரணம் பார்ப்போம். நாட்டுச் சர்க்கரை கிலோ 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அட்டைப் பெட்டிக்கு 10 ரூபாயும் பார்சலுக்கு 60 ரூபாயும் ஆனால், வாங்குபவருக்கு ஒரு கிலோவின் அடக்கம் 150 ரூபாய். ஒருமுறை வாங்குவார், மறுமுறை வாங்கமாட்டார். அதையே 5 கிலோவாக அனுப்பும்போது சரக்கு 400, பெட்டி 25, பார்சல் 150 எனில் மொத்தம் 575 ரூபாய். கிலோ ஒன்றுக்கு 115 ரூபாய்தான் ஆகிறது. நகரத்துக் குடியிருப்பு ஒன்றில் ஐந்து வீட்டார் கூடி வாங்கினால் இன்னும் குறையும். அவரவர் பொருளுக்கு இவ்வாறு உண்மையான தொகைகளை இட்டுப் பார்த்த பின்னரே வெளியூருக்கு அனுப்பத் துணிதல் வேண்டும்.

கீரை, தக்காளி போன்று விரைவில் வாடும் பொருள்களுக்கு அண்மையிலுள்ள நகரமே தக்க சந்தை. மூட்டை மூட்டையாக விற்கவேண்டிய விளைச்சலுக்கு ஒழுங்குமுறை விற்பனைக் கூடமும், 2016இல் மத்திய அரசு தொடங்கிய இ-நாம் என்னும் தேசிய வேளாண் சந்தையும் உள்ளன. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை நம் சொந்தப் பெயரில் விற்றாலும், வாங்குபவர் எதை விரும்புகிறார், எவ்வளவு கொடுக்க இசைகிறார் என்னும் அறிவு நமக்குக் கிட்டும். அந்த அறிவுடன் வியாபாரியிடம் பேசுவதற்கும் அறியாது பேசுவதற்கும் வேற்றுமை உண்டு.

பணத்தில் எச்சரிக்கை

யூபிஐ முறை 2016இல் வந்தபின் பணம் பெறுவது எளிதாயிற்று. ஆயின் எளிய வழியிலேயே கள்வரும் வருகின்றனர். பெரிய ஆர்டர் தருவதாகக் கூறி, “பணம் பெற இந்தக் குறியை ஸ்கேன் செய்து இரகசிய எண்ணை இடுங்கள்” என்பார்கள். இரகசிய எண் பணம் கொடுப்பதற்கே தேவை. பெறுவதற்குத் தேவையே இல்லை. இந்த ஒரு விதியை வீட்டிலுள்ள அனைவரும் மனப்பாடம் செய்தல் வேண்டும். பணம் அனுப்பியதாக யாரேனும் படம் காட்டினால், நம் கணக்கில் வரவு ஏறியதைப் பார்த்த பின்னரே சரக்கை அனுப்புக. ஏமாற்றப்பட்டால் சிறிதும் தாமதியாமல் 1930 என்னும் எண்ணை அழைத்துப் புகார் செய்க. விரைந்து தெரிவித்தால் பணத்தைத் தடுத்து நிறுத்த வழியுண்டு.

பெயரும் சட்டமும்

தயாரித்த உணவுப் பொருளை விற்போர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பெற்று, அதன் 14 இலக்க எண்ணைப் பொட்டலத்தில் அச்சிடவேண்டும். தயாரிப்பவரின் பெயர், முகவரி, பொருளின் பெயர், நிகர எடை, தயாரித்த நாள், வரிகள் உட்பட்ட அதிகபட்ச விலை, புகாருக்குரிய தொடர்பு ஆகியவையும் அதில் இருத்தல் அவசியம். இவற்றை வீண் சுமையாக எண்ணலாகாது. நேரில் காணாத ஒருவர் நம்மை நம்புவதற்கு இவையே சாட்சி.

ஊர்ப் பெயரின் மதிப்பையும் நாம் உணரவேண்டும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இலும், மணப்பாறை முறுக்குக்கு 2023இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. இத்தகைய பொருளை உரிய பகுதியில் முறைப்படி செய்வோர், சென்னைக் கிண்டியிலுள்ள பதிவகத்தில் தம்மை அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொள்ளலாம். பலர் கூடிச் சம்பாதித்த பெயரை ஒருவர் தரம் குறைத்து விற்றால், நட்டம் ஊர் முழுவதற்கும் ஆகும்.

பஞ்சாயத்து செய்யத்தக்கது

தனி ஒருவரால் இயலாதது ஊர் கூடினால் இயலும். கிராம சபை 2022 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் ஒரு கூட்டத்தில் இப்பொருளுக்கு அரைமணி நேரம் ஒதுக்குக. ஊரில் செக்கு, ஆலை, தறி, தேனீப் பெட்டி, பலகாரத் தொழில் வைத்திருப்போரின் பட்டியலைத் தயாரிக்கலாம். படித்துவிட்டு ஊரில் இருக்கும் இளைஞர் இருவரைப் படம் எடுக்கவும், வரைபடத்தில் பதிவு செய்யவும் ஏற்படுத்தலாம். அட்டைப் பெட்டிகளை மொத்தமாக வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். பலருடைய பார்சல்களை ஒன்றாகத் திரட்டி ஒரே வண்டியில் அனுப்பலாம். இவற்றுக்குப் பெருந்தொகை வேண்டியதில்லை. ஒற்றுமையும் ஒருவர் பொறுப்பேற்பதுமே வேண்டும்.

நண்பர்களே, விளம்பரத்திற்குப் பணம் செலவிடுவதைப் பற்றி முதலிலேயே யோசிக்கவேண்டாம். முதலில் இருபது வாடிக்கைக்காரர்களைப் பெறுவோம். அவர்களுக்கு எடை குறையாமல், நாள் தவறாமல், சொன்ன தரத்தில் அனுப்புவோம். குறை சொன்னால் மறுக்காமல் கேட்டு, பொருளை மாற்றிக் கொடுப்போம். அந்த இருபது பேர் தம் உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லும் சொல்லைப் போன்ற விளம்பரம் பிறிதில்லை. கைபேசி அச்சொல்லை நெடுந்தூரம் கொண்டு செல்லும். நல்ல சொல்லையும் கொண்டு செல்லும். கெட்ட சொல்லை அதனினும் விரைவாகக் கொண்டு செல்லும். எனவே நம் சரக்கு நம் பெயரோடு செல்லத்தக்கதாக இருக்கட்டும். இம்முகாமிலிருந்து திரும்பிய ஒரு வாரத்திற்குள், ஊருக்கு ஒரு தொழிலேனும் வரைபடத்தில் இடம்பெறச் செய்வோம் என்று உறுதி கொள்வோமாக.