ஓடும் வண்டியில் கரண்ட் விட்டுவிட்டுப் போனால்



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் போஷாக்கு, தடுப்பூசி, சேமலாப நிதி என்றுதான் பேசுவோம். இன்றைக்கு ஆட்டோவைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் பின்னால் சிலர் சிரிப்பது கேட்கிறது. ராத்திரியில் லயத்தில் ஒரு தாய்க்கு வலி எடுத்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவது எந்த வண்டி? அது வளைவில், பனிமூட்டத்தில், லைட் இல்லாமல் நின்றால் அது நம்ம எல்லோருடைய பிரச்சினையும்தானே.

நம்ம டிவிஷன் தம்பி ஒருவரின் ஆட்டோவில் குழியில் விழுந்தால் லைட், ஹோன் எல்லாம் போகும். அடுத்த குழியில் திரும்ப வரும். டவுனில் ஒரு கராஜில் பெட்டரி செத்துவிட்டது என்றார்கள். சம்சாரத்தின் தோட்டை அடகு வைத்துப் புதுப் பெட்டரி போட்டார். ஒரு வாரம்தான், மறுபடி அதே கதை. கடைசியில் பார்த்தால் பெட்டரியிலிருந்து செசிக்குப் போகும் எர்த் வயரின் போல்ட் துருப்பிடித்து லூசாக இருந்தது. உரைத்தாள் ஒரு துண்டும் ஸ்பேனரும்தான் செலவு.

பெட்டரி நிஜமாகவே இறங்கியிருந்தால் குழியில் விழுந்து உயிர் பெறாது. லைட் மெல்ல மெல்ல மங்கும். பட்டென்று போய், பட்டென்று வந்தால் எங்கோ ஒரு மூட்டு கழண்டிருக்கிறது என்றே முதலில் நினைக்க வேண்டும். டேங்க் நிறையத் தண்ணி இருந்தும் பைப் மூட்டு விட்டால் பீலியில் தண்ணி வராதே, அது மாதிரி.

ஒரு லைட் மட்டும் போகிறதா, எல்லாமே சேர்ந்து போகிறதா? ஒன்று மட்டும் என்றால் அதன் பல்ப், வயர், சுவிட்சைப் பாருங்கள். எல்லாமே என்றால் எல்லாவற்றுக்கும் பொதுவான இடங்கள்தான்: பெட்டரி முனைகள், எர்த் வயர், மெயின் பியூஸ், சாவி சுவிட்ச்.

இருட்டிய பிறகு, எஞ்சினை நிறுத்தி, கியரை நியூட்ரலில் விட்டு, ஹெட்லைட்டைப் போடுங்கள். ஒருவர் லைட்டைப் பார்க்கட்டும். மற்றவர் அந்த நான்கு இடத்தையும் ஒவ்வொன்றாக ஆட்டட்டும், சாவியையும் லேசாக அசைக்கட்டும். எங்கே ஆட்டும்போது லைட் சிமிட்டுகிறதோ, நோய் அங்கேதான். அவசரப்பட்டு எல்லா வயரையும் ஒரே நேரத்தில் இழுத்தால் ஒன்றும் பிடிபடாது.

மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் லேசு. லைட் எரியும்போது பெட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் செசியின் துப்புரவான இரும்புக்கும் இடையில் அளந்தால் கிட்டத்தட்ட பூச்சியம் காட்ட வேண்டும். அரை வோல்ட் காட்டினால் எர்த் சரியில்லை. ஓய்ந்திருக்கும் நல்ல 12 வோல்ட் பெட்டரி 12.6 அளவில் நிற்கும். எஞ்சினைக் கொஞ்சம் முறுக்கி ஓடவிட்டால் 14 பக்கம் ஏற வேண்டும். ஏறாவிட்டால் சார்ஜ் ஆகவில்லை. அது பாஸிடம் காட்ட வேண்டிய வேலை.

முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வயரைக் கழற்றி, அப்பச் சோடா கரைத்த தண்ணியால் தேய்த்துக் கழுவி, காயவைத்து இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லின் பூசுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், பூட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பெட்டரிக்குப் பக்கத்தில் பீடியும் குப்பி விளக்கும் கூடவே கூடாது, அதிலிருந்து வரும் வாயு வெடிக்கும்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்கிறோம். பியூஸ் போனால் சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றிப் போடுகிறீர்கள். பியூஸ் எரிவது வயர் எரியாமல் இருக்கத்தான். தாளைச் சுற்றினால் அடுத்தது வயர் பற்றும், அதற்குப் பக்கத்தில் பெட்ரோல் டேங்க். அதே அளவு பியூஸ் இரண்டு வண்டியில் இருக்கட்டும், கூடவே ஒரு டோர்ச்சும் இருக்கட்டும். ரோட்டில் கரண்ட் போனால் பதறாமல் இடது ஓரத்தில் நிறுத்துங்கள். கூட வந்தவர் டோர்ச்சோடு பின்பக்கம் கொஞ்ச தூரம் போய் நின்று வருகிற வண்டிகளுக்குக் காட்டட்டும்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு மீட்டர் வாங்கி வைத்திருக்கிறோம். ஞாயிறு காலையில் வண்டியைக் கொண்டு வந்தால் சேர்ந்து பார்ப்போம்.