படம் காத்த உயிர், படம் கெடுத்த பெயர்

(தொலைக்காட்சி அரங்கில் ஆற்றப்பட்ட உரை)



திரைப்படத்துக்கு இசையமைப்பவர் உயர்ந்தவரா, கச்சேரி மேடைக்கு இசை எழுதுபவர் உயர்ந்தவரா? இந்தக் கேள்வி தமிழர்களிடையே மட்டும் எழுவதன்று. மேற்கத்திய இசையுலகில் ஒரு மேதையின் வாழ்க்கையையே இது புரட்டிப் போட்டது. அவர் பெயர் எரிக் வுல்ஃப்காங் கோர்ன்கோல்ட்.

இன்று செக் குடியரசில் உள்ள பர்னோ நகரில், 1897ஆம் ஆண்டு ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். தந்தை ஜூலியஸ், வியன்னாவின் முன்னணி நாளேடு ஒன்றில் இசை விமர்சகர். மோட்சார்ட்டின் நினைவாகவே மகனுக்கு 'வுல்ஃப்காங்' என்ற பெயரையும் சேர்த்து வைத்தார்.

பெயர் வீண் போகவில்லை. ஒன்பது வயதில் அச்சிறுவன் வாசித்ததைக் கேட்ட குஸ்டாவ் மாலர், "இவன் மேதை" என்று வியந்தார். பதினோரு வயதில் எழுதிய 'பனிமனிதன்' என்ற ஊமை நாடக இசை, 1910இல் வியன்னா அரசவை ஓபரா அரங்கில் அரங்கேறியது. 'இறந்த நகரம்' என்ற அவரது ஓபரா 1920 டிசம்பர் 4ஆம் தேதி, ஹாம்பர்க், கொலோன் ஆகிய இரு நகரங்களிலும் ஒரே நாளில் மேடையேறியது. அப்போது அவருக்கு வயது 23.

ஹாலிவுட் அழைத்தது

1934இல் நாடக இயக்குநர் மாக்ஸ் ரைன்ஹார்ட், ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றைப் படமாக்க ஹாலிவுட் சென்றபோது கோர்ன்கோல்டை உடன் அழைத்தார். அவருடைய திரைப்பயணம் அங்கே தொடங்கியது.

திரைப்படத்தை அவர் இரண்டாந்தர வேலையாக எண்ணவே இல்லை. பாட்டில்லாத ஓபராவாகவே ஒவ்வொரு படத்தையும் கருதினார். படத்தைத் திரையிடச் சொல்லி, பியானோ முன் அமர்ந்து, காட்சி ஓட ஓட இசையை உருவாக்குவார். கதாபாத்திரத்துக்கு ஒரு மெட்டு, காதலுக்கு ஒரு மெட்டு என்று ஓபராவில் கற்ற வித்தையைத் திரைக்குக் கொண்டுவந்தார்.

1938 ஜனவரியில் அவர் வியன்னாவில் இருந்தபோது, 'ராபின் ஹூட்' படத்துக்கு இசையமைக்க வருமாறு தந்தி வந்தது. ஹாலிவுட் சென்று படத்தைப் பார்த்தவர், "இது தனக்கு ஒத்துவராது" என்று முதலில் மறுத்துவிட்டார். படம் முழுக்க ஓட்டமும் சண்டையும்தானே! ஆனால் ஆஸ்திரியாவை ஹிட்லர் மிரட்டும் செய்தி வந்ததும் மனம் மாறி ஒப்புக்கொண்டார்.

மார்ச் 12ஆம் தேதி ஜெர்மானியப் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. வியன்னாவில் இருந்த அவரது வீடு பறிக்கப்பட்டது. பெற்றோரும் மூத்த மகனும் தப்பி அவரிடம் வந்து சேர்ந்தார்கள். ராபின் ஹூட் தம் உயிரைக் காத்ததாகப் பிற்காலத்தில் அவரே சொன்னார். அந்த இசைக்கு ஆஸ்கார் விருதும் கிடைத்தது.

திரும்பிய மேடை, திரும்பாத புகழ்

ஹிட்லர் ஆண்ட காலத்தில் அவர் கச்சேரி இசையைப் பெரும்பாலும் ஒதுக்கி வைத்தார். திரைப்பட வருமானம் குடும்பத்தைத் தாங்கியது. போர் முடிந்த 1945இல் வயலின் கச்சேரி இசை ஒன்றை எழுதி முடித்தார். தாம் முன்பு திரைப்படங்களுக்கு எழுதிய மெட்டுகளையே அதில் எடுத்தாண்டார்.

1947இல் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில், உலகப் புகழ்பெற்ற யாஷா ஹைஃபெட்ஸ் அதை வாசித்தார். மக்கள் கைதட்டி வரவேற்றார்கள். நியூயார்க் விமர்சகர் ஒருவரோ, இசையமைப்பாளரின் பெயரையே இரண்டாக உடைத்து, "பொன்னை விடச் சோளமே அதிகம்" என்று கேலி செய்தார். ஆங்கிலத்தில் 'கோர்ன்' என்றால் சோளம். மலிவான உணர்ச்சிக்கும் அதே சொல்தான். 'திரைப்பட இசைக்காரர்' என்ற முத்திரை அவர்மீது ஆழமாகக் குத்தப்பட்டுவிட்டது.

விமர்சகர்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமாகாது. காலம் மாறியிருந்தது. மெட்டையும் இனிமையையும் விட்டு விலகிப் புதிய ஒலிகளைத் தேடியது போருக்குப் பிந்தைய ஐரோப்பா. கோர்ன்கோல்டோ பழைய வியன்னாவை நெஞ்சில் சுமந்து நின்றார். அவரது சிம்பொனி 1954இல் வியன்னா வானொலிக்காக வாசிக்கப்பட்டபோது, போதிய ஒத்திகைகூட நடக்கவில்லை. 1957 நவம்பர் 29ஆம் தேதி, 60 வயதில், தாம் மறக்கப்பட்டுவிட்டோம் என்ற வேதனையோடு அவர் காலமானார்.

காலம் தந்த தீர்ப்பு

அவரை மீட்டது எது தெரியுமா? பெயரைக் கெடுத்ததாகச் சொல்லப்பட்ட அதே திரையிசைதான். 1972இல் அவரது படங்களின் இசை, மகன் ஜார்ஜின் தயாரிப்பில் இசைத்தட்டாக வெளிவந்து பலரையும் ஈர்த்தது. 1975இல் 'இறந்த நகரம்' நியூயார்க்கில் மீண்டும் மேடையேறியது. கேலிக்கு ஆளான வயலின் இசையை இன்று உலகின் முன்னணிக் கலைஞர்கள் விரும்பி வாசிக்கிறார்கள். 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் முகப்பு இசையில், 1942இல் வந்த 'கிங்ஸ் ரோ' படத்துக்கு அவர் எழுதிய இசையின் சாயலைப் பலரும் சுட்டிக்காட்டுகிறார்கள்.

இதில் ஒரு சுரத்தைக்கூட யாரும் மாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். 1947இல் இருந்த அதே இசைதான் இன்றும் ஒலிக்கிறது. மாறியது கேட்கும் காது. இசை எங்கிருந்து வந்தது என்று விசாரிப்பதை விட்டுவிட்டு, அதில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தொடங்கினார்கள். அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. அதைக் காண அந்த மனிதர்தான் உயிரோடு இல்லை.

வாழும் கலைஞருக்கு முத்திரை குத்தும் முன், அவருடைய படைப்பை ஒருமுறை முழுதாகக் கேட்டுவிடுவோம்.