வறட்சியின் கணக்கு

காவிரிக் கழிமுகத்து உழவனுக்கு ஆண்டு தொடங்குவது ஜூன் 12-ஆம் நாளில் எனலாம். மேட்டூர் அணையைத் திறப்பதற்கு வழக்கமாய்க் குறித்த நாள் அது. 2016-இல் அந்நாள் வந்தது, தண்ணீர் வரவில்லை. செப்டம்பர் 20-ஆம் தேதிதான் அணை திறந்தது. வடகிழக்குப் பருவமழை சம்பாவைக் காக்கும் என்று நம்பி விதைத்தார்கள். அம்மழையோ வழக்கமான அளவில் 62 சதவீதம் குறைந்துபோயிற்று. 2017 ஜனவரி 10-ஆம் நாள், தமிழகம் வறட்சியால் பாதிக்கப்பட்டதென அரசு அறிவித்தது.

மாணவ நண்பர்களே! வறட்சி வயலோடு நின்றுவிடும் என்று எண்ணுதல் பிழை. நடவு இல்லையேல் நாற்றுப் பறிப்பவருக்குக் கூலி இல்லை. நெல் இல்லையேல் அரைவை ஆலைக்கு வேலை இல்லை. வண்டிக்குச் சுமை இல்லை. வைக்கோல் கிடைக்காதபோது மாட்டைக் கிடைத்த விலைக்கு விற்கவேண்டியதுதான். எல்லாரும் ஒரே சந்தையில் விற்க வரும்போது விலை எப்படி நிற்கும்? உழவன் கையில் காசு இல்லாத ஊரில் மளிகைக் கடையும் துணிக் கடையும் கடனிலேயே நடக்கின்றன. ஒரு பயிரின் இழப்பு இவ்வாறு ஒரு வட்டாரத்தின் இழப்பாக விரிகிறது.

கடும் வெப்பமும் சேர்ந்தால் துன்பம் இரட்டிக்கும். நெல் பூக்கும் வேளையில் வெப்பம் 35 டிகிரி செல்சியசைத் தாண்டினால் மகரந்தம் கெட்டு மணிகள் பதராகின்றன. ஏரிநீர் விரைந்து ஆவியாகிறது. வெயிலில் உழைப்போரின் வேலை நேரம் சுருங்குகிறது. நேரம் சுருங்கினால் கூலியும் சுருங்குமன்றோ?

அந்த ஆண்டு நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. வேண்டிய உதவிதான். ஆனால், ஏக்கரை அளவுகோலாகக் கொள்ளும் கணக்கில் ஏக்கரே இல்லாதவன் எங்கே இடம்பெறுவான்? ஊரக வேலைத் திட்டத்தின் 100 நாட்களை 150 ஆக உயர்த்துவதாகவும் அரசு அறிவித்தது. நிலமற்ற தொழிலாளியைத் தேடிச் செல்லும் வழி அதுவே. மண்ணையும் பயிரையும் அளப்பது எளிது. இழந்த வேலை நாட்களை எண்ணுவது கடினம்; எனினும் பட்டினி தொடங்குவது அங்கேதான்.

ஏரியைத் தூர்வாருதல், நீர் குறைவாக வேண்டும் சிறுதானியத்தையும் பயறையும் விதைத்தல், பயிர்க் காப்பீடு ஆகியவை மழை பொய்க்கும் முன்னரே செய்யவேண்டியவை. நாளை அலுவலராகவும் பொறியாளராகவும் அமரப்போகும் நீங்கள் வறட்சிக் கணக்கு எழுதும்போது, நிலத்தின் பரப்போடு அதில் உழைத்த கைகளின் எண்ணிக்கையையும் சேர்த்து எழுதுங்கள். அப்போதுதான் அக்கணக்கு முழுமை பெறும்.